எத்தியோப்பியா: உயரம் வகுத்த நாடு

அடிஸ் அபாபாவில் விமானத்தை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை, நகரம் இருக்கும் இடம் அப்படி. எத்தியோப்பியாவின் தலைநகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட நூறு மீட்டர் கூடுதல். நகரத்தின் வடக்கே நிற்கும் எண்டோட்டோ மலை 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். ஆப்பிரிக்கா என்றதும் கொளுத்தும் வெயிலை நினைத்துப் பருத்திச் சட்டையோடு போய் இறங்குகிறவர், அன்று மாலையே கம்பளிச் சட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்.

எத்தியோப்பியாவைப் பற்றி எதைக் கேட்டாலும் பதிலின் ஒரு நுனி இந்த உயரத்தில்தான் போய் முடிகிறது. ஐரோப்பியர்களால் ஏன் அந்த நாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை? வேறெங்கும் பெரிதாகப் பயிரிடப்படாத ஒரு பொடித் தானியம் அங்கே எப்படி அன்றாடச் சோறானது? உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கும் ஓநாயும் அங்கே மட்டும் எப்படித் தங்கின? பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் வரைபடத்தில் ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வோர் ஊரும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. அங்கே என்ன பயிர், என்ன சாப்பாடு, எப்படிப்பட்ட வீடு என்பதில் பாதியை ஊகித்துவிடலாம்.

அந்த நாட்டு உழவர்களும் காலங்காலமாக நிலத்தை அப்படித்தான் பிரிக்கிறார்கள். சுமார் 1,500 மீட்டருக்குக் கீழே இருப்பது கொல்லா: வெப்பம், சோளம், மேய்ச்சல். அதற்கு மேலே 2,400 மீட்டர் வரை வொய்னா தேகா: இதமான குளிர், டெஃப் தானியம், காபி, நெருக்கமான ஊர்கள். அதற்கும் மேலே தேகா: வாற்கோதுமை, கோதுமை, மொச்சை, கம்பளி போர்த்திய மனிதர்கள். உறைபனி விழும் உச்சிக்கு வுர்ச் என்று தனிப் பெயர். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்தோடு தொழிலையும் உணவையும் தெய்வத்தையும் சேர்த்துப் பிரித்த மரபில் வந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மேட்டு நிலம் எரிமலைக் குழம்பால் ஆனது. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த பாறை அது. பிறகு நிலமே இரண்டாகக் கிழிந்தது. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நாட்டைக் குறுக்கே பிளந்துகொண்டு போகிறது பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. அதன் அடியில் ஸ்வாய், லங்கானோ, ஷாலா, ஹவாசா, அபாயா, சாமோ என்று ஏரிகள் வரிசையாகக் கிடக்கின்றன. பரப்பளவில் நாடு இந்தியாவில் மூன்றில் ஒரு பங்கு. 12 கோடிக்கும் மேற்பட்ட மக்களோடு, நைஜீரியாவுக்கு அடுத்து ஆப்பிரிக்காவில் இரண்டாவது பெரிய மக்கள்தொகை. 1993இல் எரித்திரியா தனி நாடானபோது கடற்கரை முழுவதும் அதனோடு போய்விட்டது. இன்று எத்தியோப்பியாவுக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம்கூட இல்லை. பெரும்பாலான சரக்கு ஜிபூட்டி வழியாகத்தான் வருகிறது.

கடலை விடத் தாழ்ந்த இடம்

உயரத்தின் கதையைப் பள்ளத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. வடகிழக்கில் அஃபார் மக்களின் நிலத்தில் இருக்கும் டனகில் பள்ளம் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 125 மீட்டர் இறங்குகிறது. மூன்று நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கும் இடம் அது. அங்குள்ள தல்லோலில் 1960களில் பல ஆண்டுகள் அளந்து பார்த்தபோது, இரவு பகல், கோடை குளிர் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் சராசரியே 34 டிகிரிக்கு மேல் வந்தது. பூமியின் அடியிலிருந்து கொதித்து வரும் அமில நீர், கந்தகத்தோடும் உப்போடும் இரும்போடும் சேர்ந்து மஞ்சள், பச்சை, துரு நிறங்களில் தரையைப் பூசி வைத்திருக்கிறது. பார்க்கப் பண்டிகைக் கோலம் போல இருந்தாலும் கால் வைக்கிற இடத்தை வழிகாட்டிதான் சொல்ல வேண்டும்.

அங்கேயும் மனிதர்களுக்கு வேலை இருக்கிறது. வறண்ட உப்பேரியின் தரையைக் கோடரியால் கொத்தி, கழிகளை இடுக்கில் செருகி நெம்பி, பாளம் பாளமாகப் பெயர்க்கிறார்கள். ஒருவர் பெயர்த்த பாளத்தை இன்னொருவர் உட்கார்ந்து ஒரே அளவில் செதுக்குகிறார். கட்டிக் கயிறு சுற்றி ஒட்டகத்தில் ஏற்றினால், சரக்கு மேட்டு நிலத்தை நோக்கி நடக்கத் தொடங்கும். இந்த உப்புக் கட்டிக்கு அமோலே என்று பெயர். சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை மேட்டு நிலச் சந்தைகளில் அதுவே நாணயம். மலை ஏற ஏற உப்பு அரிதாகும், கட்டியின் மதிப்பும் கூடும். இப்போது சாலை வந்துவிட்டது, லாரிகளும் வந்துவிட்டன. ஒட்டகங்கள் குறைந்துகொண்டிருக்கின்றன.

அஃபாரில் எர்த்தா அலே எரிமலையின் வாயில் தீக்குழம்பு ஏரியைக் காண இரவில் ஏறுவார்கள். அதற்குப் பக்கத்திலுள்ள ஹைலி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23 அன்று வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக வட இந்திய வானம் வரை வந்து சேர்ந்தது. இங்கே சில விமானங்கள் ரத்தாயின. நமக்கு அந்த நாடு அவ்வளவு தொலைவில் இல்லை என்று அந்தச் சாம்பல் காட்டிவிட்டது.

அஃபாரின் ஹதார் என்ற இடத்தில்தான் 1974இல் சுமார் 32 லட்சம் ஆண்டுகள் பழைய ஒரு மனித மூதாதையின் எலும்புகள் கிடைத்தன. உலகம் அவளை லூசி என்கிறது. எத்தியோப்பியர்கள் வைத்த பெயர் டிங்கினெஷ், ‘நீ அற்புதமானவள்’ என்று பொருள். எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடிக்கும். அடிஸ் அபாபாவின் தேசிய அருங்காட்சியகத்தில் அவளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. தலைநகரில் ஒரே ஒரு நாள் இருப்பவர்கள்கூட அதைத் தவறவிடக் கூடாது.

மலைக்கோட்டையான ஒரு நாடு

வடக்கு மேட்டு நிலத்தை ஆறுகள் ஆழமாக அறுத்திருக்கின்றன. சுற்றிலும் செங்குத்தாக விழும் பாறை, மேலே மேசை போலத் தட்டையான நிலம்: இப்படிப்பட்ட குன்றுக்கு அம்பா என்று பெயர். அரசர்களுக்கு அது கோட்டை, துறவிகளுக்கு மடம். திக்ரேயில் தெப்ரே தாமோ மடத்துக்கு இன்றும் தோல் கயிற்றைப் பிடித்துப் பாறைச் சுவரில் ஏறித்தான் போக வேண்டும். பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

இந்த மலைகளின் மறைவில்தான் அக்சும் பேரரசு வளர்ந்தது. இன்றைய எரித்திரியக் கரையிலிருந்த அதூலிஸ் அதன் துறைமுகம். ரோமாபுரியையும் இந்தியாவையும் இணைத்த கடல் வணிகத்தில் அதற்குப் பங்கு உண்டு. நான்காம் நூற்றாண்டில் எசானா மன்னர் கிறித்தவத்தைத் தழுவினார். ஏழாம் நூற்றாண்டில் நபிகளின் தோழர்கள் மக்காவில் துன்புறுத்தப்பட்டபோது முதலில் தஞ்சம் கொடுத்ததும் இதே அக்சுமின் அரசர்தான். இரண்டு மதங்களின் தொடக்க வரலாற்றிலும் இப்படி இடம் பெற்ற நாடுகள் குறைவு.

அக்சுமில் ஒற்றைக் கல்லில் செதுக்கிய நெடுந்தூண்கள் நிற்கின்றன. பல மாடி வீடு போலப் பொய்க் கதவும் பொய்ச் சன்னலும் அவற்றில் வெட்டப்பட்டிருக்கின்றன. மிகப் பெரியதன் நீளம் 33 மீட்டர். விழுந்து உடைந்து கிடக்கிறது. 24 மீட்டர் தூண் ஒன்றை முசோலினியின் படை 1937இல் ரோமுக்கு எடுத்துப் போனது. அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், மூன்று துண்டுகளாக விமானத்தில் திரும்பி வந்தது. 2008இல் பழைய இடத்தில் மீண்டும் நிறுத்தினார்கள்.

நாட்டிலேயே ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் லாலிபெலாவைச் சொல்வேன். 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட அதே பெயருடைய மன்னர் எழுப்பியதாகச் சொல்லப்படும் பதினோரு தேவாலயங்கள் அங்கே இருக்கின்றன. எழுப்பியது என்ற சொல்லே பொருந்தாது, எல்லாம் பூமிக்குள் குடைந்தவை. கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு வேலை எப்படி நடந்திருக்கும் என்பது உடனே பிடிபடும். பாறையின் மேற்பரப்பில் சுற்றிலும் அகழி வெட்டி, நடுவில் விட்ட கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே இறங்குவது. கூரைதான் முதலில், அடித்தளம் கடைசியில். ஓர் உளி தவறினால் ஒட்டவைக்க வழியில்லை. கழுகுமலையில் வேலை பாதியில் நின்றுவிட்டது. லாலிபெலாவில் அடிவரை போய், உள்ளேயும் குடைந்து, தூண், வளைவு, சன்னல் எல்லாம் வைத்து முடித்திருக்கிறார்கள்.

பெத்தே கியோர்கிஸ் தேவாலயத்தை நெருங்கும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. மேடான பாறைத்தரை மட்டும் இருக்கும். இன்னும் சில அடி வைத்தால் காலடியில் சதுரப் பள்ளம் திறக்கும். அதன் நடுவே சிலுவை வடிவக் கூரை, நாம் நிற்கும் தரையோடு சமமாக. கூரையின் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சிலுவைகள். கீழே போகப் பாறையில் வெட்டிய இடுக்கு வழிதான். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, நூற்றாண்டுகளாக மக்கள் மிதித்து வழவழப்பாகிவிட்ட வாசல்படியைத் தாண்டினால் தூபப் புகையும் மெழுகு வாசனையும். இவற்றைத் தொல்லியல் சின்னமாக மட்டும் பார்ப்பது பெரும் பிழை. வெள்ளை நெத்தலா போர்த்திய ஊர்க்காரர்கள் விடியும் முன்பே வந்து சுவரில் நெற்றி பதிக்கிறார்கள். மணிக்கணக்கில் நீளும் வழிபாட்டில் குருமார்கள் ஊன்றுகோலில் சாய்ந்து நின்று, இன்று யாரும் வீட்டில் பேசாத கீஸ் மொழியில் பாடுகிறார்கள். ஜனவரி 7 அன்று வரும் கன்னா, அவர்களுடைய கிறிஸ்துமஸ். அன்று வெளியூர்களிலிருந்து நடந்தே வந்து சேரும் யாத்திரிகர்களால் அகழியின் விளிம்பெல்லாம் வெண்மையாகிவிடும்.

கோண்டாரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1636இல் ஃபாசிலதஸ் மன்னர் தலைநகராக்கிய ஊர். கல் அரண்மனைகள் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. ஜனவரி 19 அன்று வரும் திம்கத் திருவிழாவில் அங்குள்ள பழைய குளத்தை நீரால் நிரப்பி ஆசீர்வதிப்பார்கள். முடிந்ததும் இளைஞர்கள் உடையோடு குளத்தில் குதிப்பார்கள்.

நமது பழைய பூகோளப் புத்தகங்களில் அபிசீனியா என்றிருந்த இந்த நாடு, ஐரோப்பியர் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்ட காலத்தில் தப்பி நின்றது. 1889இல் இத்தாலியோடு செய்த ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் எழுதப்பட்டது. வெளிநாட்டு விவகாரங்களுக்கு எத்தியோப்பியா விரும்பினால் இத்தாலியின் உதவியை நாடலாம் என்றது அம்ஹாரிக் வாசகம். இத்தாலியின் வழியாகத்தான் நடத்தியாக வேண்டும் என்றது இத்தாலிய வாசகம். ஒரு வினைச்சொல்லில் ஒரு நாட்டின் சுதந்திரம் அடங்கியிருந்தது. பேரரசர் மெனிலிக் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். 1896 மார்ச் 1 அன்று, அத்வா மலைகளுக்கு இடையில் வழி பிரிந்து சிதறிய இத்தாலியப் படைகளை அவருடைய சேனை முறியடித்தது. அந்த மலைகளை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் நடந்த போர் அது. 1936 முதல் 1941 வரை இத்தாலி நாட்டை ஆக்கிரமித்திருந்ததைத் தவிர வேறு அந்நிய ஆட்சி இல்லை. கானா தொடங்கிப் பல ஆப்பிரிக்க நாடுகள் எத்தியோப்பியக் கொடியின் பச்சை, மஞ்சள், சிவப்பைத் தம் கொடியில் எடுத்துக்கொண்டதும், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் அடிஸ் அபாபாவில் இருப்பதும் இதனால்தான்.

புளித்த மாவும் மூன்று கோப்பைக் காபியும்

கடுகைவிடப் பல மடங்கு சிறிய டெஃப் தானியம் வொய்னா தேகா நிலத்தின் மகள். அதன் மாவைக் கரைத்து, முந்தைய ஈட்டில் மேலே தெளிந்த மஞ்சள் புளிநீரைக் கொஞ்சம் ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுவார்கள். மித்தாத் என்ற வட்டமான மண்கல், தோசைக்கல்லைப் போல இரண்டு மடங்கு அகலம். மாவை வெளி ஓரத்தில் தொடங்கிச் சுழித்துக்கொண்டே நடுவுக்குக் கொண்டுவந்து, மூடி போட்டு வேக விடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேற்பரப்பில் நூற்றுக்கணக்கான துளைகள் திறந்துகொள்ளும். அவற்றைக் கண்கள் என்கிறார்கள். கண் சரியாகத் திறக்காத இஞ்செராவைச் சுட்டவர் கைப்பக்குவம் போதாதவர். ஆப்பம் தின்று வளர்ந்தவர்களுக்கு முதல் வாயிலேயே பழகிவிடும், புளிப்பு மட்டும் ஒரு படி கூடுதல்.

இஞ்செராவே தட்டு, அதுவே கரண்டி, அதுவே சாப்பாடு. ஒரு பெரிய கூடைத் தட்டில் அதை விரித்து, மேலே பருப்பு, கீரை, முட்டைக்கோசு, கடலை மாவில் செய்யும் ஷிரோ, கோழிக் குழம்பான தோரோ வொத் ஆகியவற்றைக் குவித்து வைப்பார்கள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து வலக்கையால் பிய்த்து எடுத்துச் சாப்பிடுவார்கள். மிளகாயோடு பல மசாலாக்கள் சேர்த்து இடித்த பெர்பெரெ நம் நாக்குக்கு அந்நியமே இல்லை. வீட்டுக்கார அம்மா ஒரு கவளத்தைச் சுருட்டி விருந்தாளியின் வாயில் ஊட்டுவதற்கு குர்ஷா என்று பெயர். மறுப்பது மரியாதை இல்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு இதைவிட வசதியான ஆப்பிரிக்க நாடு எனக்குத் தெரிந்து கிடையாது. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பு இருப்பார்கள்; ஈஸ்டருக்கு முன் தொடர்ந்து 55 நாட்கள். நோன்பில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. ஆகவே எந்தச் சிறிய உணவகத்திலும் ‘ட்சோம் பெயாய்நெத்து’ என்று கேட்டால் போதும், பத்து வகைக் காய்கறியும் பருப்பும் வைத்த தட்டு வந்துவிடும்.

நாம் உண்ணும் கேழ்வரகின் பூர்வீகமும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம்தான். அங்கே அதற்கு தகுசா என்று பெயர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது கடல் தாண்டி நம்மிடம் வந்துவிட்டது. காபி வந்த வழி இன்னும் தெளிவானது. தென்மேற்கில் காஃபா பகுதியின் மழைக்காடுகளில் மர நிழலில் தானாக வளரும் அராபிகா செடி செங்கடல் கடந்து ஏமனுக்குப் போனது. அங்கிருந்து பாபா புதான் கொண்டுவந்த விதைகள் சிக்மகளூர் மலையில் முளைத்ததாக மரபு சொல்கிறது. கும்பகோணத்து டிகிரி காபியின் தாய்வீடு அந்தக் காடு.

காபிக்கு அவர்கள் மொழியில் புனா. அதைக் குடிக்க ஒரு மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும். தரையில் பசும்புல் பரப்பி, கரி அடுப்பை வைத்து, வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையைக் கழுவுவதிலிருந்து தொடங்குவார். தட்டையான சட்டியில் கொட்டை கறுத்து எண்ணெய் பளபளக்கும்போது, புகையும் சட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னும் வருவார். கையால் புகையை முகத்துக்கு இழுத்து முகர வேண்டும். பிறகு உரலில் இடித்து, நீண்ட கழுத்துள்ள ஜெபெனா என்ற கறுத்த மண்குடுவையில் கொதிக்க வைத்து, பிடியில்லாத சிறு கோப்பைகளில் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுவார். பக்கத்தில் சாம்பிராணி புகையும், கொறிக்கப் பொரித்த சோளமோ வறுத்த வாற்கோதுமையோ இருக்கும். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. அதே தூளில் மீண்டும் நீர் சேர்ப்பதால் சுற்றுக்குச் சுற்று இலேசாகும். பெரெக்கா என்றால் ஆசி. அதற்கு முன் எழுந்து போகிற விருந்தாளி பாதிப் பேச்சில் எழுந்து போனவர். விளையும் காபியில் ஏறத்தாழப் பாதியை அந்த நாட்டு மக்களே குடித்துவிடுகிறார்கள் என்பதில் வியப்பே இல்லை.

கிழக்கும் தெற்கும் உச்சியும்

கிழக்கே ஹரார் மதில் சூழ்ந்த முஸ்லிம் நகரம். ஜுகோல் என்ற பழைய மதிலுக்குள் 82 பள்ளிவாசல்கள், வண்ணச் சுவர்களுக்கு இடையே தோள் உரசும் சந்துகள். அந்த நகரத்துக்கென்றே ஒரு மொழி இருக்கிறது. அதன் பெயரே ‘நகரத்தின் பேச்சு’ என்று பொருள்படும். இருட்டியதும் மதிலுக்கு வெளியே கழுதைப்புலிகளுக்கு இறைச்சி ஊட்டும் பழக்கம் பயணிகளை ஈர்க்கிறது. பகலில் சந்தில் நடந்து, ஒரு ஹராரி வீட்டின் படிப்படியான திண்ணைகளையும் சுவர் நிறைந்த கூடைகளையும் பார்ப்பது அதைவிட நிறைவு தரும்.

நாட்டின் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெரும்பங்கு தெற்கேதான் பேசப்படுகிறது. அர்பா மிஞ்ச் ஊருக்கு மேலே மலையில் வாழும் தோர்சே மக்களின் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோப்பு போல ஒன்று தெரியும். அது என்செத். குலை தள்ளுவதற்காக அல்ல, தண்டுக்காகவும் கிழங்குக்காகவும் வளர்ப்பது. தண்டைச் சீவி, குழியில் புதைத்துப் புளிக்க வைத்து, கொச்சோ என்ற ரொட்டி சுடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டிலும் நிற்கும் பயிர் இது. கோன்சோ மக்கள் மலைச்சரிவு முழுவதும் கல் அடுக்கிக் கட்டிய படிவயல்களை 2011இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஓமோ பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. முர்சி பெண்களின் உதட்டுத் தட்டு, ஹமார் இளைஞர்களின் காளை தாண்டும் சடங்கு என்று படம் எடுக்கப் பலர் போகிறார்கள். ஒரு படத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் வண்டி ஏறும் பயணத்தில் எனக்கு உடன்பாடில்லை. மனிதர்களைக் கூண்டுக்குள் பார்ப்பது போன்றது அது. சந்தை நாளில், அந்த மொழி பேசும் வழிகாட்டியோடு, கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு போனால் அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள்.

உச்சிகளில் மனிதர் குறைந்து விலங்குகள் தொடங்குகின்றன. வடக்கே சிமியன் மலையில் புல் மேயும் கெலாடா குரங்குகள், நெஞ்சில் சிவப்புத் தோல் திட்டோடு, நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து விரலால் புல் பறித்துத் தின்னும். குரங்கினத்தில் புல்லையே முதன்மை உணவாகக் கொண்டது அது ஒன்றுதான். தெற்கே பாலே மலையின் சனெட்டி சமவெளி 4,000 மீட்டர் உயரம். செந்நிற எத்தியோப்பிய ஓநாய் அங்கே எலிவளைகளின் முன் அசையாமல் நின்று வேட்டையாடும். உலகில் எஞ்சியிருக்கும் வளர்ந்த ஓநாய்கள் ஐந்நூறுக்கும் குறைவு. அவற்றில் பாதிக்கு மேல் இந்தச் சமவெளியைச் சுற்றித்தான் இருக்கின்றன. உயரம் அவற்றுக்குத் தீவு மாதிரி. வெப்பம் ஏற ஏறப் பயிரும் மாடும் மேலே வருகின்றன, தீவு சுருங்குகிறது.

போகும் முன்

முதலில் பாதுகாப்பு. வடக்கே திக்ரேயில் 2020 நவம்பரில் தொடங்கிய கொடிய போர் 2022 நவம்பர் உடன்படிக்கையோடு ஓய்ந்தது. ஆனால் 2023 முதல் அம்ஹாரா பகுதியில் அரசுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் மோதல் நடக்கிறது. லாலிபெலா, கோண்டார், சிமியன், தானா ஏரி எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையையும் உள்ளூர் நிலவரத்தையும் பார்க்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். வடக்கு அமைதியாக இல்லாவிட்டால் தெற்கு ஏரிகள், பாலே, ஹரார் என்று வழியை மாற்றிக்கொள்ளலாம். சாலை வழியைவிட உள்நாட்டு விமானம் நல்லது.

இரண்டாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எத்தியோப்பியாவிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் அந்தச் சான்று இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும்; ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மலையேற்றம் செய்ய நினைப்பவர்கள் முதல் இரண்டு நாளைத் தலைநகரில் மெதுவாகக் கழித்து உடம்பைப் பழக்கிக்கொள்ளட்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை மேட்டு நிலத்தில் அடைமழை. மழை ஓய்ந்ததும் மலையெங்கும் அதேய் அபெபா என்ற மஞ்சள் பூ விரியும். அப்போதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு. முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்களும், மிச்சமான ஐந்தாறு நாளுக்கு ஒரு குட்டி மாதமுமாக ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். ஆண்டுக் கணக்கிலும் நம்மைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால்: 2025 செப்டம்பர் 11 அன்று அங்கே 2018 பிறந்தது. அக்டோபர் முதல் ஜனவரி வரை பயணத்துக்கு ஏற்ற காலம்.

பெயர்ப்பலகைகளைப் பார்த்து மிரள வேண்டாம். அவர்களுடைய ஃபிதெல் எழுத்து, நம் உயிர்மெய்யைப் போலவே ஒவ்வொரு மெய்யும் உயிரைச் சேர்த்துக்கொண்டு உருமாறுவது. ல, லு, லி, லா, லே, ல், லோ என்று ஓரெழுத்துக்கு ஏழு வடிவம். கொம்பும் காலும் ஒட்டும் இடம் புரிந்துவிட்டால் ஒரு வாரத்தில் ஊர்ப் பெயரையாவது கூட்டிப் படித்துவிடலாம்.

எழுத்தைவிடக் கடிகாரத்தில்தான் கவனம் வேண்டும். சூரியன் எழும் நேரத்திலிருந்து அவர்கள் மணியை எண்ணுகிறார்கள், நம் ஜாதகங்களில் உதயாதி நாழிகை கணக்கிடுவது போல. நமக்குக் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி; நம் நண்பகல் அவர்களுக்கு ஆறு. விமான டிக்கெட்டில் உலக நேரம் இருக்கும், பஸ் நிலையத்தில் வாயால் சொல்வது பெரும்பாலும் அவர்கள் நேரமாக இருக்கும். ‘நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வண்டி’ என்று சொன்னால் ஹபெஷா நேரமா, ஃபெரெஞ்ச் நேரமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஹபெஷா என்றால் எத்தியோப்பியர், ஃபெரெஞ்ச் என்றால் வெளிநாட்டார். ஹபெஷா நேரம் என்று பதில் வந்தால், விடியற்காலை ஆறு மணிக்கு, இருட்டு விலகும் முன்பே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தப் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும்.